காரணம் நீங்கிய பெயர்: சிகாகோ டிரிபியூன் மாளிகையும் அதன் கல்வெட்டுகளும்

பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுத்துக் காண்பது நம் இலக்கண நூலார் மரபு. காரணம் பற்றி வந்த பெயர் அக்காரணம் உள்ளவரை ஐயத்துக்கு இடமின்றிக் காரணப்பெயராகும். காரணம் நீங்கியபின்னும் பெயர் மட்டும் எஞ்சி வழங்குமாயின் அதனை எவ்வகையில் அடக்குவது? சொல்லின் பொருட்காரணம் எப்பொழுதும் கண்முன் விளங்கத் தோன்றாது என்று தொல்காப்பியர் ஒரு வரம்பு கட்டியிருக்கின்றார். தோன்றாமை வேறு, இல்லாமற் போதல் வேறு. இவ்வேறுபாட்டை ஆராய்வதற்கு ஏட்டுச் சொல்லைக் காட்டிலும் கல்லில் வெட்டிய சொல் தக்க சான்றாகும் எனக் கருதி, அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரத்து டிரிபியூன் மாளிகையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

கட்டடம் ஒன்றினை இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளலாமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். இம்மாளிகை வெறுங்கட்டடம் அன்று. அது தன் சுவரெல்லாம் எழுத்துத் தாங்கி நிற்பது. நாளிதழ் ஒன்று தன்னைப் பற்றித் தானே பாடுவித்துக்கொண்ட புகழ்மாலை எனத் தக்கது. அவ்விதழ் 2018 ஆம் ஆண்டில் அம்மாளிகையை விட்டு வெளியேறியது. இன்று அங்கே 162 குடும்பங்களுக்கான அடுக்கக இல்லங்கள் உள்ளன. அமெரிக்கர் இம்முறையைக் காண்டோமினியம் என்பர்: ஒவ்வோர் இல்லமும் வாங்குவார்க்குத் தனியுடைமை, கூரையும் வாயிலும் நடைவழியும் போல்வன பிரிவினை செய்யப்படாத பொதுவுடைமை. எழுத்து நிற்கின்றது; எழுதுவித்தவர் இல்லை. இந்நிலையில் அவ்வெழுத்து என்ன பொருள் தருகின்றது என்பதே நம் ஆராய்ச்சி.

முதற்கண் பெயரைக் காண்போம். டிரிபியூன் என்பது பழைய உரோமில் எளிய குடிமக்களின் சார்பாக நின்று, மேலோர் செய்யும் கொடுமையைத் தடுக்கும் உரிமை பெற்ற அலுவலரைக் குறித்த சொல். அப்பெயரை நாளிதழ்கள் தமக்குச் சூட்டிக்கொண்டன. மக்களுக்காக வாதாடுவது தம் தொழில் என்னும் கருத்தினால். 1847 ஆம் ஆண்டு சூன் 10 ஆம் நாள் தோன்றிய சிகாகோ டிரிபியூன் அவற்றுள் ஒன்று. அந்நாளிதழின் பெயர் பின்னர் அது குடியிருந்த மாளிகைக்கு ஆயிற்று. மாளிகையின் பெயர் இப்பொழுது அதனுள் உள்ள இல்லங்களுக்கு ஆகியிருக்கின்றது. அலுவலரிடமிருந்து இதழுக்கும், இதழிலிருந்து கட்டடத்துக்கும், கட்டடத்திலிருந்து வீட்டுமனைக்குமாக ஒரு சொல் மும்முறை பெயர்ந்தது. இதனை ஆகுபெயர் என்று சொல்லிவிட்டு அமையலாம் எனத் தோன்றும். ஆயின் ஆகுபெயரில் முதற்பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் இயைபு வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு பெயர்ச்சியிலும் அவ்வியைபு உண்டு. மூன்றாவதில் உண்டோ என்பது ஆராயத்தக்கது.

மாளிகை தோன்றிய வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கதன்று. அது தனி நூலுக்குரிய பொருள். நமக்கு வேண்டுவன மட்டும் கூறுவோம். இதழின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவு நாளாகிய 1922 சூன் 10 அன்று, உலகிலேயே அழகு மிக்க அலுவலகக் கட்டடத்தை வரைந்து தருக என அதன் உரிமையாளர் உலகக் கட்டடக்கலைஞர்களை அழைத்தனர். பரிசுத் தொகை மொத்தம் 1,00,000 டாலர். அதனுள் 50,000 டாலர் முதற்பரிசு. இருபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 260-க்கு மேற்பட்ட வரைவுகள் வந்து குவிந்தன. முதற்பரிசு நியூயார்க்கு நகரத்து ஜான் மீட் ஹவல்ஸ், ரேமண்ட் ஹூட் என்னும் இருவர்க்குக் கிடைத்தது. இரண்டாம் பரிசு பின்லாந்து நாட்டு எலியல் சாரினெனுக்கு. பரிசு பெறாத வரைவுகளுள்ளும் புகழ் பெற்றன சில உண்டு. ஆஸ்திரியக் கலைஞர் அடோல்ஃப் லூஸ் கட்டடம் முழுவதையும் ஒற்றைக் கிரேக்கத் தூணாகவே வரைந்து அனுப்பினார். ஆங்கிலத்தில் தூணையும் செய்தித்தாளின் பத்தியையும் ஒரே சொல் குறிக்கும் ஆதலின், அவர் சிலேடை கருதியே அவ்வாறு வரைந்தார் என்று கூறுவாரும் உளர். அவர் வரைந்தது விளையாட்டோ வினையோ என்பது இன்றும் முடியாத வழக்கு.

வென்ற வரைவு கோதிக் பாணியில் அமைந்தது. 1925 இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மாளிகை 36 தளங்களும் ஏறத்தாழ 460 அடி உயரமும் உடையது. அதன் முடியில் எட்டுக்கோண வடிவிலான சிறு கோபுரத்தைச் சுற்றிலும் வளைந்த கல்முட்டுகள் தாங்கி நிற்பன போல் அமைந்துள்ளன. பிரான்சு நாட்டு ரூவான் தேவாலயத்தின் கோபுரம் ஒன்றனைப் பார்த்துச் செய்தது அம்முடி. இடைக்காலத் தேவாலயங்களில் இவ்வளைவுகள் உயர்ந்த கற்சுவர் சரியாதவாறு புறத்தே நின்று முட்டுக்கொடுக்கும் தொழிலுடையன. டிரிபியூன் மாளிகையைத் தாங்குவதோ உள்ளே மறைந்துள்ள உருக்குச் சட்டகம். சுண்ணாம்புக்கல் அதன் மேல் போர்த்த போர்வை. முடியிலுள்ள முட்டுகள் எதனையும் தாங்கவில்லை. தாங்குவன போல் நிற்கின்றன.

இதனைக் கண்டித்தவர்களுள் தலைமையானவர் லூயி சல்லிவன். கட்டடத்தின் வடிவம் அதன் தொழிலைப் பின்பற்றி எழவேண்டும் என்னும் கொள்கையை 1896 ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தியவர் அவர். 1923 பிப்ரவரியில் கட்டடக்கலை இதழ் ஒன்றில் அவர் எழுதிய திறனாய்வு, முதற்பரிசு பெற்ற வரைவு மறைந்துகொண்டிருக்கும் எண்ணங்களிலிருந்து பிறந்தது எனவும், சாரினெனின் வரைவே உயிருள்ளது எனவும் சாடியது. நடுவர் தீர்ப்பைத் தலைகீழாக மாற்றிய அக்கட்டுரையை அமெரிக்கக் கலைத்திறனாய்வின் சிறந்த எழுத்துகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவருடைய தீர்ப்பைப் பின்வந்த தலைமுறை பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. பரிசு பெற்ற ஹூட்டுமே ஹவல்சுடன் சேர்ந்து 1930 இல் நியூயார்க்கில் மற்றொரு நாளிதழுக்குக் கட்டிய மாளிகையில் கோதிக் ஆடையை அறவே களைந்துவிட்டார்.

சல்லிவனின் குற்றச்சாட்டை நம் இலக்கண மொழியிற் சொல்வதானால், வடிவம் ஆங்கு இடுகுறியாய்விட்டது என்பதாகும். தேவாலயத்தில் காரணத்தோடு பிறந்த உறுப்பு, செய்தித்தாள் மாளிகையில் காரணம் நீங்கி ஏறியது. இதுவரை அவரோடு நமக்கு மாறுபாடு இல்லை. ஆயின் நூறாண்டு கழித்து நிகழ்ந்தது அவர் எதிர்பாராதது. எந்த வடிவம் தன் தொழிலோடு ஒட்டாது நின்றதோ, அந்த வடிவமே தொழில் மாறியபொழுது ஊறின்றிப் பிழைத்தது. கோபுரத்தின் தளங்கள் ஒடுங்கியவை. சாளரங்கள் அடுத்தடுத்து உள்ளவை. ஆசிரியர் அறையாக இருந்தது உறங்கும் அறையாக மாறுவதற்குப் பெருந்தடை இல்லை. முடியிலுள்ள முட்டுவளைவுகள் முன்னும் எதனையும் தாங்கவில்லை, இப்பொழுதும் தாங்கவில்லை. அவற்றின் அடியில் 25 ஆம் தளத்தில் இல்லத்தார் அமர்ந்து நகரைக் காண்பதற்கு ஒரு திறந்த முற்றம் அமைத்திருக்கின்றனர். அவ்வளைவுகளுக்கு வந்து வாய்த்த முதற்பயன் இதுவே என்று கூடச் சொல்லலாம்.

இதற்கு நேர்மாறானது, கோபுரத்தின் பின்புறத்தே 1920 இல் எழுந்த அச்சகக் கட்டடத்தின் நிலை. அச்சுப்பொறிகளுக்கும் தாள் உருளைகளுக்கும் ஏற்ப அகன்றும் ஆழ்ந்தும் கட்டியது அது. சல்லிவன் விதித்த கொள்கைக்கு அணுக்கமாக நின்றதும் அதுவே. வடிவம் தொழிலோடு இறுகப் பிணைந்திருந்தமையின், தொழில் நீங்கியதும் அவ்வடிவம் இடர்ப்பட்டது. ஆழ்ந்த தளத்தின் நடுவே ஒளியும் காற்றும் புகா. அங்கே மனிதர் குடியிருத்தல் இயலாது. ஆதலின் கோபுரத்தைச் சூழ்ந்த தாழ்ந்த கட்டடத் தொகுதியின் நடுவே வானம் தெரிய முற்றம் வெட்டினர். மேலே சில தளங்கள் கூட்டினர். உண்மையுடைய வடிவம் வெட்டுண்டது. ஒப்பனை வடிவம் தப்பியது. இதனால் சல்லிவன் கொள்கை பொய்த்தது என்பது எம் கருத்தன்று. தொழிலுக்கேற்ற வடிவம் அத்தொழிலோடு உடன்கட்டை ஏறும் என்பது அக்கொள்கையினுள்ளேயே அடங்கியிருந்த பொருள். அதனை அவர் வெளிப்படக் கூறவில்லை.

நாளிதழ் தன் மாளிகையினின்று ஒரேநாளில் வெளியேறவில்லை. முதலிற் சென்றன அச்சுப்பொறிகள்; 1980-களின் தொடக்கத்தில் அவை ஆற்றங்கரையில் எழுந்த வேறோர் அச்சகத்துக்கு மாறின. அடுத்துப் பிரிந்தது உடைமை. 2014 இல் நிறுவனம் இரண்டாகப் பிளவுபட்டபொழுது வானொலியும் தொலைக்காட்சியும் ஒரு பங்கிலும் நாளிதழ்கள் மற்றொரு பங்கிலும் அமைந்தன. மாளிகை நாளிதழின் பங்கில் சேரவில்லை. தன் பெயர் தாங்கிய மாளிகையில் இதழ் வாடகைக் குடியாயிற்று. 2016 இல் 240 மில்லியன் டாலர் வரையிலான விலைக்கு மாளிகை கைமாறியது. வாங்கியவர் மனை வணிக நிறுவனத்தார். 2018 சூன் மாதத்தில் ஆசிரியர் குழுவினர் வெளியேறினர். 2021 இல் புதிய குடிகள் வந்தனர். அதே ஆண்டில் இதழும் முதலீட்டு நிறுவனம் ஒன்றன் கைக்குப் போயிற்று. அச்சும் உடைமையும் நீங்கியபின் எழுதுவோர் மட்டும் நான்காண்டு எஞ்சியிருந்தனர். கூடுவிட்டு உயிர் நீங்குவதற்கும் முறை உண்டு போலும்.

இனிக் கல்லெழுத்துகளுக்கு வருவோம். இவை மூன்று திறத்தன.

ஒன்று, வாயிலின் மேலுள்ள கற்றிரை. ஈசாப்புக் கதைகளில் வரும் விலங்குகளும் பிறவும் அங்கே செதுக்கப்பட்டுள்ளன. செதுக்கு வேலைக்குரியவர் ரெனே சாம்பெலன் என்னும் சிற்பி. அங்கே இராபின் ஹூட்டின் உருவம் ஒன்றும், ஊளையிடும் நாய் ஒன்றும் காணப்படும். வழிச்செல்வோர் இவற்றை வெறும் அணியாகக் கருதுவர். உண்மையில் இவை கட்டடக்கலைஞர் இருவரின் கையொப்பம். இராபின் ஹூட்டு என்பது ஹூட்டைக் குறிக்கும். ஊளையிடுதலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் ஹவல்ஸ் என்பதனோடு ஒலியால் ஒக்கும். சொல்லிற் பிறக்கும் சிலேடையைக் கல்லிற் பிறக்கச் செய்த இத்திறம் சிலேடையிலே திளைத்த தமிழ்ப் புலவர்க்கு மகிழ்ச்சி தருவதாகும். செல்வர் இருப்பிடத்தின் வாயிலில் செல்வரைக் கொள்ளையிட்டு எளியார்க்கு ஈந்தவன் நிற்பது இன்றைய நிலையில் மற்றொரு பொருளும் தருகின்றது. அது சிற்பி கருதியதன்று, காலம் கூட்டியது.

இரண்டாவது, புறச்சுவரில் பதித்த கற்கள். இதழின் தலைவராயிருந்த இராபர்ட் மக்கார்மிக் உலகெங்கும் உள்ள தம் செய்தியாளர்களிடம், புகழ் பெற்ற கட்டடங்களின் கல்லில் ஒரு சிறு துண்டு நேரிய வழியாற் பெற்று அனுப்புக எனப் பணித்தார். அவ்வாறு வந்தனவும் பின்னர்ச் சேர்ந்தனவுமாக ஏறத்தாழ 150 துண்டுகள் சுவரிற் பதிந்துள்ளன. ஆக்ராவின் தாஜ்மகால், ஏதென்சின் பார்த்தினன், எகிப்தின் பெரும்பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், இடிந்த பெர்லின் சுவர் ஆகியவற்றின் துண்டுகள் அவற்றுள் அடங்கும். ஒவ்வொன்றன் அருகிலும் அதன் ஊரும் பெயரும் பொறித்திருக்கின்றனர். கேளாமல் எடுத்தனவும் இவற்றுள் இருக்குமோ என ஐயுறுவார் உண்டு. அவ்வழக்கில் ஈண்டு நாம் புகவில்லை. தாய்க்கட்டடத்தினின்று பிரிந்த துண்டு தாய்ப்பெயரைச் சுமந்து நிற்பதனை மட்டும் குறித்துக்கொள்வோம். பிற கட்டடங்களின் காரணத்தைப் பிரித்துவந்து பெயரை மட்டும் ஒட்டிக்கொண்ட மாளிகைக்கு, முடிவில் அவ்வாறே நேர்ந்தது.

மூன்றாவதுதான் நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானது. வாயிலைக் கடந்து உட்சென்றால் கல்வெட்டுக் கூடம் என வழங்கும் முகக்கூடம் உள்ளது. அதன் சுவரிலும் தரையிலும் பத்திரிகைச் சுதந்தரம், வாய்மை, மக்களாட்சி என்பன பற்றிச் சான்றோர் கூறியவற்றை வெட்டி வைத்திருக்கின்றனர். கட்டுவது என்றென்றைக்குமாக இருக்கட்டும் என்னும் கருத்தமைந்த ரஸ்கினின் உரை அங்கு உண்டு. நாளிதழ் என்பது யாது என மக்கார்மிக் தாமே வகுத்த இலக்கணமும் உண்டு; எந்த அரசியற் சட்டமும் தரவியலாத ஒரு தடையை அரசின் மேல் நாளிதழே இடவல்லது என்பது அதன் சாரம். எதிர்ச்சுவரில் வட அமெரிக்காவின் புடைப்பு வரைபடம் ஒன்று பெரிதாகத் தொங்கும். பழசாகிக் கழித்த பணத்தாள்களைத் துண்டு துண்டாக்கிச் சாந்தோடு கலந்து அதனைச் செய்தனர் என்பது பலர் வியந்து கூறும் செய்தி. வாய்மை பற்றிய உரைகளுக்கு நடுவே பணத்தாளாலான நிலப்படம் ஒன்று இருந்தமை அன்றே சிலர்க்கு உறுத்தியிருக்கும்.

இக்கூடம் அழியவில்லை. இல்லங்களாக மாற்றியவர் இதனைச் செம்மை செய்து காத்துள்ளனர். இன்று அது குடியிருப்பார்க்கு முகக்கூடமாக விளங்குகின்றது. கல் இருக்கின்றது, எழுத்து இருக்கின்றது, எழுத்தில் ஒரு புள்ளியும் குறையவில்லை. பின் என்ன குறை என்று வினவலாம்.

குறை இலக்கணத்தைப் பற்றியது. புறச்சுவரிலுள்ள எழுத்துகள் அனைத்தும் படர்க்கைக் கூற்றுகள். இது தாஜ்மகாலின் கல் என்பது, யார் சொன்னாலும் யார் கேட்டாலும் பொருள் மாறாதது. மாளிகை எவர் கைப்பட்டாலும் அக்கூற்றுக்கு ஊறு இல்லை. வாயிலின் கற்றிரையும் அத்தகையது. நாய் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். கூடத்தின் எழுத்துகளோ சொல்லளவிற் படர்க்கையாயினும் பொருளளவில் தன்மைக் கூற்றுகள். நாளிதழ் இன்னது செய்யும் என்று நாளிதழே தன் வீட்டுச் சுவரில் எழுதும்பொழுது, யாம் இன்னது செய்வேம் என்பது அதன் உட்பொருள். அது வஞ்சினம் போன்றது. கூறியவன் உளனாயின் அன்றி அதற்கு உயிர் இல்லை. அதனைக் கேட்போராகிய முன்னிலையார் இருவர். ஒருவர், ஒவ்வொரு நாளும் அக்கூடத்தைக் கடந்து பணிக்குச் சென்ற செய்தியாளர். அவர்க்கு அது கட்டளை. மற்றொருவர், தெருவிலிருந்து உள்ளே வந்து நின்று படித்த பொதுமக்கள்; அவர்க்கு அது வாக்குறுதி. இன்று தன்மையிடத்தார் வேறிடம் சென்றுவிட்டார். கட்டளை பெற்ற முன்னிலையாரும் உடன் சென்றுவிட்டார். தம் இல்லத்துக்கு மின்தூக்கி ஏறச் செல்பவர்க்கு அரசினைத் தடுக்கும் கடமை பற்றிய உரை கட்டளையும் ஆகாது, வாக்குறுதியும் ஆகாது; வேலைப்பாடாகும். காரணப்பெயர் இடுகுறியாவது போல, வஞ்சினம் அணியாகிவிட்டது. இம்மாற்றத்தால் நேர்ந்த உண்மையான இழப்பு இதுவே என்பது எம் துணிபு. கோபுரத்தின் வடிவைக் குறித்துக் கவன்றோர் பலர். வாக்கியத்தின் இடத்தைக் குறித்துக் கவன்றோர் மிகச் சிலரே.

இதற்கு வலிய மறுப்பு ஒன்று உண்டு. அதனை மறையாது கூறுதல் கடன். அவ்வஞ்சினம் என்று உயிரோடு இருந்தது என்பர் மறுப்போர். இம்மாளிகைக்கான போட்டியே இதழுக்கு விளம்பரமாக நடத்தியது. உலகிலேயே பெரிய செய்தித்தாள் எனத் தன்னைத்தானே அழைத்துக்கொண்டு, அத்தொடரின் ஆங்கில முதலெழுத்துகளைத் தன் வானொலிக்கும் பெயராக இட்டது அது. மக்கார்மிக் எளியோரின் வழக்கறிஞர் அல்லர். ரூசுவெல்ட்டின் சீர்திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தவர். இதழைத் தம் கட்சிப் போருக்குப் படைக்கலமாக்கியவர். வாய்மையைச் சுவரில் வெட்டிய இதழே, 1948 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ட்ரூமன் தோற்றார் எனப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, வென்ற ட்ரூமன் அத்தாளை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும்படி ஆயிற்று. இத்தகைய இதழின் சுவரெழுத்து அன்றும் அணிதானே, இன்று புதிதாக இழந்தது யாது? இவ்வாறு வாதிப்பர்.

இவ்வாதத்தின் முற்பகுதியை உடன்படுகின்றோம், முடிபை உடன்படோம். வஞ்சினம் தவறியவனும் வஞ்சினம் உரைத்தவனே. தவறினான் என்று அவனைப் பழிப்பதற்கு அவ்வஞ்சினமே அளவுகோலாகின்றது. ட்ரூமன் கையிற் பிடித்த தாள் நகைப்புக்கு இடமானது எதனால்? வாய்மை எமது தொழில் என்று சொல்லிக்கொண்ட வாயிலிருந்து அப்பொய் வந்தமையால். கூற்றும் கூற்றுவனும் ஓரிடத்தில் இருந்தவரை இவ்வளவை செயற்பட்டது. 2018-க்குப்பின் அச்சுவரைக் காட்டி எவரையும் கேள்வி கேட்க இயலாது. இதழ் வேறிடத்தில் இருந்து தவறு செய்யலாம். அங்கே இச்சுவர் இல்லை. சுவர் இங்கே இருக்கலாம். இங்கே தவறு செய்வார் இல்லை. போலியான வாக்குறுதிக்கும் கேட்பாரற்ற வாக்குறுதிக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மாற்றாமலே விட்டிருக்கலாமே என்பதும் பொருந்தாது. செய்தித்தாளின் விளம்பர வருவாய் இணையத்தால் வற்றிய காலத்தில், நகரின் விலையுயர்ந்த தெருவில் அத்துணைப் பெரிய மாளிகையைத் தாங்குவது இதழுக்கு அரிது. வெறுமையாய் நின்று பாழாவதைக் காட்டிலும் குடிபுகுந்து வாழ்வது நன்று. நியூயார்க்கில் 1913 இல் எழுந்த உல்வொர்த் மாளிகையின் மேல்தளங்களும் இவ்வாறே இல்லங்களாயின. அங்கே மாற்றத்துக்கு முன்னரே அப்பெயருடைய கடைத்தொடர் அமெரிக்காவில் மூடுண்டுவிட்டது. கோதிக் ஆடை புனைந்த வணிக மாளிகைகள் இரண்டும் ஒரே வழியிற் சென்றது தற்செயல் அன்று. மேலே நாம் காட்டியபடி, ஒப்பனை வடிவுக்குக் குடிமாற்றம் எளிது. ஆயின் உல்வொர்த் மாளிகை தன்னை வணிகம் என்று மட்டுமே சொல்லிக்கொண்டது. டிரிபியூன் மாளிகையைப் போலக் கடமை உரைத்த சுவர் அதற்கு இல்லை. ஆதலின் இழப்பும் அவ்வளவு இல்லை.

பாதுகாப்புச் சட்டம் இவ்விடத்து எவ்வளவு செய்தது என்பதும் காணத்தக்கது. 1989 பிப்ரவரியில் சிகாகோ நகரம் இம்மாளிகையைக் காக்கத்தக்க சின்னமாக அறிவித்தது. அதனாலேயே கோபுரம் இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கின்றது. ஆயினும் இத்தகைய சட்டம் அறிவது கல்லை; வாக்கியத்தை அன்று. சுவர் மாறாதிருந்தால் சட்டம் நிறைவுறும். அச்சுவரை யார் யாருக்குச் சொன்னார் என்பது அதன் எல்லைக்குள் வருவதில்லை. சுவடியைப் பதிப்பிப்போர்க்கு இச்சிக்கல் புதிதன்று: மூலபாடம் பிழையறக் கிடைத்தும், கூற்று இன்னாருடையது என்னும் குறிப்பு அழிந்துவிடின் பாட்டின் பொருள் தடுமாறும். அகப்பாட்டில் தலைவி கூற்றெனவும் தோழி கூற்றெனவும் உரையாசிரியர் வேறுபட்டுப் பொருள் காணுமிடங்கள் நம்மவர் அறிந்தனவே. கட்டடங்களைக் காப்போர்க்கும் கூற்றுக்குறிப்பு வேண்டும். அந்தக் கூடத்தில், இவ்வெழுத்துகளை வெட்டியவர் இன்னார், இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இங்கிருந்து இதழ் நடத்தினார் எனப் பொறித்து, படிக்க விரும்பும் எவர்க்கும் நாளின் ஒரு பகுதியிலேனும் கதவு திறந்திருக்குமாயின், தன்மைக் கூற்று வரலாற்றுக் கூற்றாகவேனும் பிழைத்திருக்கும். அணியாக நிற்பதினும் அது மேலானது.

பெயர் பற்றிய வழக்கு ஒன்றும் இங்கே நிகழ்ந்தது. மாளிகையின் தென்புறத்தே பழைய கோதிக் எழுத்தில் சிகாகோ டிரிபியூன் எனப் பெரிதாக அமைந்த பெயர்ப்பொறி உண்டு; இதழின் முதற்பக்கத்தில் உள்ள எழுத்து வடிவே அது. இதழ் வெளியேறிய 2018 ஆம் ஆண்டில், அப்பொறி தம்முடையது எனப் பத்திரிகை நிறுவனத்தாரும் தம்முடையது என மாளிகையை வாங்கியவரும் வழக்காடினர். முடிவில் உடன்பாடு ஏற்பட்டது. பொறி மாளிகையிலேயே தங்கியது. வழக்கின் சட்ட நுணுக்கம் எவ்வாறாயினும், மொழிநூலார்க்கு அதில் ஓர் அரிய செய்தி உண்டு. பெயருக்கு உரியவன், பெயர்த்துக் கொடு என்று கேட்கின்றான். பெயர் இருக்கும் இடத்துக்கு உரியவன், இடத்தோடு ஒட்டியது என மறுக்கின்றான். முன்னவன் காரணப்பெயர் என வாதிடுகின்றான். பின்னவன் இடுகுறி என வாதிடுகின்றான். வென்றது இடுகுறி.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு ஈண்டு ஓரளவு விடை கிடைக்கின்றது. நன்னூல் உரையாசிரியர் இடுகுறிக்கும் காரணத்துக்கும் இடையே காரண இடுகுறி என ஒரு வகை கூறுவர். காரணம் பலவற்றுக்கும் ஒத்ததாயினும் வழக்கினால் ஒன்றற்கே வரைந்து நிற்கும் பெயர் அது. டிரிபியூன் மாளிகை என்பது அவ்வகையின்கண் அடங்காது. ஆங்குக் காரணம் உள்ளது, இங்கு இல்லை. முன் காரணமாயிருந்து பின் இடுகுறியாகிய பெயர் எனத் தனியே ஒரு வகை வேண்டப்படும். நகரங்களின் தெருப்பெயர், தொழில் மறைந்த சேரிப்பெயர், ஆறு வற்றிய துறைப்பெயர் எனத் தேடினால் எம்மொழியிலும் இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள் மிகும். இவற்றைத் தொகுத்து, காரணம் நீங்கியபின் எத்தனை தலைமுறை வரை வழங்குவோர் அக்காரணத்தை நினைவில் வைத்திருந்தனர் என ஆராய்வது பட்ட மேற்படிப்பு மாணவர்க்கு ஏற்ற பணி. டிரிபியூன் மாளிகையைப் பொறுத்தவரை அக்கணக்கு இப்பொழுதுதான் தொடங்கியிருக்கின்றது. இதழின் அச்சுப்பொறிகள் சென்ற ஆற்றங்கரை அச்சகமும் சூதாட்ட விடுதி ஒன்றுக்கு இடம் கொடுத்து 2024 இல் நின்றுவிட்டது. அதன்பின் இதழ் நகருக்கு வெளியே அச்சாகின்றது. மிச்சிகன் பெருந்தெருவின் நடைமேடையில் நின்று எவரும் தாஜ்மகாலின் கல்லை இன்றும் பெயரோடு படிக்கலாம். அதற்குக் கதவு திறக்கவேண்டுவதில்லை.